உள்ள கீறாரு

எங்கள் ஷெட்டுக்கு வந்து யார் முதலாளியைக் கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "உள்ள கீறாரு." இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. எட்டிப் பார்க்கவும் முடியாது. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தால் மேஸ்திரி முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கத்திரிக்கோலைக் கையில் கொடுப்பது அதற்கப்புறம்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கம், கள்ளிக்குப்பத்துக்குத் திரும்புகிற சாலைக்கு முன்னால் ஒரு சந்து. அந்தச் சந்துக்கும் எஸ்டேட் சாலைக்கும் நடுவில் எங்கள் ஷெட். ரப்பரைச் சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்தி வளையம் செய்வார்கள். பிரஸ்ஸிலிருந்து எடுத்த வளையத்தின் ஓரத்தில் மெல்லிசாகப் பிசிறு நிற்கும். அதை வெட்டிச் சுத்தம் செய்து கூடையில் போடுவது என் வேலை. என் வீட்டுக்காரர் போனபிறகு சேர்ந்தேன். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை, யாரிடமும் பேச வேண்டாம், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஷெட்டின் கோடியில் முதலாளியின் ரூம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அவர் உள்ளே இருந்து எங்களைப் பார்க்கலாம். நாங்கள் பார்த்தால் எங்கள் முகமும் எங்கள் முதுகுக்குப் பின்னால் எரிகிற டியூப்லைட்டும்தான் தெரியும். அந்த ரூமுக்குப் பின்னால் இன்னொரு கதவு உண்டு. அது சந்தில் திறக்கும். அவருடைய ஸ்கூட்டர் அந்தச் சந்தில்தான் நிற்கும். அவர் எப்போது வந்தார், எப்போது போனார் என்று ஒருநாளும் எங்களுக்குத் தெரிந்ததில்லை. ரூமில் ஃபேன் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும். கண்ணாடிக்குப் பின்னால் அது கிரீச் கிரீச் என்று சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. யாரையும் திட்டியதும் இல்லை. ஆனால் ஒரு சம்பவம் மறக்காது. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிற ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வாள். சர்ச்சுக்குப் போகிறவள், கலகலப்பானவள். ஒருநாள் மத்தியானம் அவளுக்குக் கண் சொக்கிவிட்டது. கொஞ்ச நேரம்தான். அன்றைக்கு முதலாளி ரயில்வே கேட் பக்கம் ஸ்கூட்டரில் போனதைச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அவளுக்குத் தைரியம். சாயங்காலம் மேஸ்திரி வந்தார்.

"இன்னா, மத்தியானம் நல்ல தூக்கமாமே. முதலாளி கேட்டாரு, ராத்திரில ஊட்டுல தூங்க வுட மாட்டேன்றாங்களான்னு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் எப்படிப் பார்த்தார், எப்போது திரும்பி வந்தார், யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் பாட்டுக்கூட முணுமுணுப்பதில்லை.

ஷெட் நன்றாக ஓடியது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அவர் காலத்தில் போன லோடு திரும்பி வந்தது என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பிரஸ்ஸில் இருப்பவர்கள் வேகும் நேரம் முடியாமல் மூடியைத் தூக்க மாட்டார்கள். ஏதாவது பிசகினால் மேஸ்திரி அந்த வளையங்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு ரூம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து "வாணாம்னாரு" என்பார், இல்லாவிட்டால் "போட்டுக்கலாம்னாரு" என்பார். அவ்வளவுதான். அந்த ஷெட்டில் எதையும் தீர்மானிப்பது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான். வெளியே இருந்த எங்களுக்குக் கைதான் உண்டு.

அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டில், விடியற்காலையில். நாங்கள் எல்லோரும் போய் நின்றுவிட்டு வந்தோம். யாரும் அழவில்லை. அவர் முகத்தை அவ்வளவு வெளிச்சத்தில் நாங்கள் பார்த்ததே அன்றுதான். யாரோ ஒரு பெரியவர் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

காரியம் முடிந்து ஷெட்டைத் திறந்தார்கள். நான் போய் என் முக்காலியில் உட்கார்ந்ததும் காதில் விழுந்த முதல் சத்தம் அந்த ஃபேன். மேஸ்திரிதான் போட்டிருக்கிறார், கைப்பழக்கம். அணைக்கச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. லோடு எடுக்க டெம்போ டிரைவர் வந்தான். வாசலில் நின்று அவனும் பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

"இன்னாம்மா, முதலாளி கீறாரா?"

வேப்பம்பட்டுக்காரி தலையைத் தூக்காமல் சொன்னாள். "உள்ள கீறாரு."

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. கத்திரிக்கோல் அப்படியே நின்றது. அந்த டிரைவர் சாவுக்கு வந்து மாலை போட்டவன். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டு, வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்து அணைத்தான்.

அதற்கப்புறம் முதலாளியின் மகள் வந்தாள். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். ஆவடி பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறாள். அந்த வேலையை விட்டுவிட்டு அப்பா ஷெட்டை நடத்தப் போகிறேன் என்று வந்தாள். சின்ன வயதில் பாவாடை சட்டையில் வந்து ரப்பர் வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு விளையாடிய பெண் என்பதால் மேஸ்திரி அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் எங்களை நீங்க வாங்க என்றாள். என்னை ஆயா என்றாள், அதிலும் மரியாதை வைத்தாள். அப்பா ரூமில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேஜை நாற்காலியை வெளியே பிரஸ்களுக்கு நடுவில் போடச் சொன்னாள்.

முதல் நாள் காலையில் எல்லோரையும் அவள் மேஜையைச் சுற்றி உட்காரச் சொன்னாள்.

"எனக்கு இந்த வேலை தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். இனிமே தினமும் காலைல கொஞ்ச நேரம் பேசிட்டு ஆரம்பிக்கலாம். இங்க என்ன மாத்தினா நல்லா இருக்கும்? யார் வேணா சொல்லுங்க."

எங்களை யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது. என்ன செய்வது என்று தெரியாமல் ஒவ்வொருத்தர் தலையாகத் திரும்பியது. எல்லாத் தலையும் ஒரே பக்கம். கண்ணாடியில் நாங்கள் அத்தனை பேரும் வரிசையாகத் தெரிந்தோம்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். "அங்க யாரும் இல்லைங்க" என்று சிரித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. வேப்பம்பட்டுக்காரி "ஏசுவே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

முதலாளியின் மகள் போகும்போது சொல்லிக்கொண்டு போவாள். "நான் கிளம்பறேன், நாளைக்குக் காலைல வந்துடுவேன்" என்பாள். அவள் ஷூ சத்தம் வாசல் தாண்டிப் போகும். அவள் போனதும் நாங்கள் ஆட்டம் போட்டோம் என்று நினைக்கக் கூடாது. அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாம் முன்மாதிரியே நடந்தது. பிரஸ் மூடியது, திறந்தது. கைகள் ஓடின. கூடைகள் நிறைந்தன. ஆனால் யாரும் எதையும் பார்க்கவில்லை. தூங்குகிறவர்கள் எழுந்து வேலை செய்வதுபோல இருந்தது. சில வளையங்கள் வெட்டும்போதே மெத்தென்று இருந்தன. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. வெட்டினேன், தள்ளினேன். பக்கத்தில் இருந்தவளும் தள்ளினாள்.

மேஸ்திரி மட்டும் பழையபடி தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போனார். கதவைத் தட்டிவிட்டுத்தான் போனார். முன்பைவிட அதிக நேரம் உள்ளே இருந்தார். வெளியே வரும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். அதே வளையங்களைத் திரும்பக் கூடையில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அதையே நாங்கள் உத்தரவாக எடுத்துக்கொண்டோம்.

ஒருநாள் அவள் கேட்டாள். "மேஸ்திரி, உள்ள போய் என்ன பண்றீங்க?"

"சொம்மா, பாப்பா. ஃபேன் ஓடுதான்னு பார்க்கத்தான்."

"ஃபேன் எதுக்கு ஓடணும்?"

அவளே போய் சுவிட்சை அணைத்தாள். ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் நான் அந்த ஷெட்டைக் கேட்டதே இல்லை. யாரோ காதைப் பொத்திய மாதிரி இருந்தது. எதிரே பிரஸ்ஸில் இருந்தவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் வெளியே ஃபோன் பேசப் போனதும் யாரோ எழுந்து போய்த் திரும்பப் போட்டுவிட்டார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

லோடு திரும்பி வந்தது. எங்களிடம் வளையம் வாங்குவது லாரி செய்கிற ஒரு பெரிய கம்பெனி. அங்கே ஒருவர் வளையத்தை மடித்துப் பார்ப்பாராம், இழுத்துப் பார்ப்பாராம். வெடித்துவிட்டதாம். பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான் டிரைவர். அவள் கோபப்படவில்லை. "பரவாயில்லை. யாரையும் குத்தம் சொல்லலை. எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொல்லும்போதெல்லாம் நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வேன். பரவாயில்லை என்று சொல்லிக்கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை நாங்கள்.

அடுத்த லோடும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் ஓர் ஆள் இஞ்சிடேப்போடு வந்தான். அவள் அம்மா அனுப்பிய ஆள். ஷெட்டை யாரோ குடோனுக்குக் கேட்கிறார்களாம். நாங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுவருக்குச் சுவர் அளந்தான். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே காலி செய்துவிட்ட இடத்தில் நடப்பவன்போல நடந்தான். டேப் என் தலைக்கு மேலே நீண்டு போனது. "ஆயா, கொஞ்சம் குனி" என்றான். நான் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தேன். ரூம் கண்ணாடிக்கு முன்னால் மட்டும் நின்று, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான். ஷெட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அவன் போனபிறகு அவள் எங்களிடம் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கம்பெனில கடைசியா ஒரு லோடு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுவும் திரும்பி வந்தா அத்தோட முடிஞ்சது. அம்மா இதைக் குடுத்துடுவாங்க. எனக்கு இதை விட மனசில்லை. யாராவது ஒருத்தர் சொல்லுங்க. நான் என்ன பண்ணணும்?"

மேஸ்திரி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கத்திரிக்கோலைப் பார்த்தோம். ஃபேன் கிரீச் கிரீச் என்றது.

கடைசி லோடு போடுகிற அன்றைக்கு நான் வழக்கம்போலச் சீக்கிரம் போய்விட்டேன். மருமகள் எழுந்து அடுப்படிக்கு வரும் முன்னால் கிளம்பிவிடுவது என் வழக்கம். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளியின் மகள் வந்து என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஆயா, நீங்க இல்லேன்னா யாராவது தேடுவாங்களா?"

"எங்கம்மா?"

"இங்கதான், ஷெட்ல. உங்க இடத்துல நீங்க இல்லேன்னா யாருக்காவது தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியாதும்மா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். லாரி கம்பெனிக்குப் போய் அவள் பேசியாக வேண்டும், பகல் முழுக்க இங்கே இருக்க முடியாது. நான் பின்பக்கக் கதவு வழியாகப் போய் அந்த ரூமில் உட்கார வேண்டும். "ஒண்ணும் பண்ண வேணாம். நடுவுல ஒரு தடவை நாற்காலியை இழுங்க. தொண்டையைக் கனைச்சுக்கோங்க. அது போதும்."

"எனக்கு பயமா கீதும்மா."

"எனக்கும்தான். நல்லபடியா கேட்டுப் பார்த்துட்டேன், ஆயா. என்கிட்ட ஒருத்தரும் வரலை. அவர்கிட்டதான் போறாங்க. அப்ப அவரே இருக்கட்டும். இந்த லோடு மட்டும் போய்ச் சேரட்டும், நானே அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிடறேன்."

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. சந்து வழியாகப் போனேன். கதவைத் திறந்ததும் திருநீறும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாசனை. நாற்காலியில் துண்டு விரித்திருந்தது. துண்டுக்கு நடுவில் ஆள் உட்கார்ந்த பள்ளம். அந்தப் பள்ளத்தில் உட்கார மனம் வரவில்லை. ஓரத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது.

அங்கிருந்து பார்த்தால் ஷெட் முழுக்க மங்கலாக, அந்தி நேரம்போலத் தெரிந்தது. என் முக்காலி காலியாக இருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள், பிரஸ் சூடேறியது. அப்புறம்தான் கவனித்தேன். ஒவ்வொருத்தரும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்கள். என் கண்ணுக்குள் பார்த்தார்கள். வேப்பம்பட்டுக்காரி பார்த்தாள், பிரஸ்காரன் பார்த்தான். என்னை அத்தனை பேர் அப்படிப் பார்த்தது என் கல்யாணத்தில்கூட இல்லை. ஆனால் ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. வெளியே ஓடிவிடலாமா என்று தோன்றியது. எழுந்தால் சத்தம் கேட்கும். அப்படியே உறைந்து உட்கார்ந்தேன்.

கனைக்க வேண்டும் என்று நினைத்துக் கனைக்கவில்லை. ஃபேன் தூசி தொண்டையில் பட்டு இருமல் வந்துவிட்டது. எனக்குக் காலையில் தொண்டை கட்டியிருக்கும். ஆண்பிள்ளைக் குரல் மாதிரி கனமாகத்தான் வரும்.

வெளியே எல்லாக் கையும் நின்றது. ஒரு பிரஸ்காரன் நேரம் ஆகாமலே மூடியைத் தூக்க ஆரம்பித்திருந்தான். தூக்கின மூடியை மெதுவாகத் திரும்ப இறக்கினான். வேப்பம்பட்டுக்காரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் எல்லாக் கையும் ஓட ஆரம்பித்தது. அது வேறு மாதிரி ஓட்டம். ஒவ்வொரு வளையத்தையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டும் சத்தம். மேஸ்திரி உள்ளே வந்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கதவோரம் நின்றார். தலை குனிந்திருந்தது. ரூமில் விளக்கு இல்லை. கையில் தட்டு.

"மூணாவது பிரஸ்ல சூடு ஏற மாட்டேங்குது. இது மெத்துனு வந்துகீது. வுட்டுடலாமா, கொட்டிடலாமா?"

நான்தான், முதலாளி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. தொண்டையில் ஏதோ கரகரத்தது, அவ்வளவுதான் வெளியே வந்தது.

"கொட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்தத் தட்டோடு நிற்கவில்லை. அந்தப் பிரஸ்ஸிலிருந்து வந்த கூடை முழுவதையும் தூக்கிக் கழிவுப் பீப்பாயில் கவிழ்த்தார். "வாணாம்னாரு" என்று அவர் சொன்னது கண்ணாடி வழியாகக் கேட்டது. முதலாளி காலத்தில் கேட்ட அதே குரல், அதே மிடுக்கு. ரொம்ப நாளாக அந்தக் குரலை நாங்கள் கேட்கவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் சாயும்போது மறுபடியும் வந்தார். "மிச்சம் எல்லாம் பார்த்தாச்சு. டெம்போ வந்துகீது. ஏத்திடட்டுமா?"

அவர் நகரவில்லை. பதில் இல்லாமல் நகர மாட்டார்போல இருந்தது. "ஊம்" என்று ஒரு சத்தம் கேட்டது. நான்தான் சொன்னேன். வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது.

லோடு போயிற்று. சந்து வழியாக வந்து, எல்லோரும் கை கழுவுகிற நேரத்தில் நானும் குழாயடியில் கலந்துகொண்டேன். வேப்பம்பட்டுக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்.

"யக்கா, இன்னிக்கு அவரு வந்தாரு. கெனைச்சாரு. நீ கேட்டியா?"

"கேட்டுச்சு."

"கோவமா கீறாரு யக்கா. பாப்பாவ இப்படித் தவிக்க வுட்டுட்டோம்னு கோவம்."

சில நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. லோடு பாஸ். ஒன்றுகூட வெடிக்கவில்லை. வேலை தொடர்ந்து தருவோம் என்றார்கள். முதலாளியின் மகள் ஃபோனை வைத்துவிட்டு, ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரும் பிளேடும் எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக்குப் போனாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

மேல் மூலையிலிருந்து சுரண்டினாள். கறுப்புத் தோல் சுருண்டு சுருண்டு விழுந்தது. ஓர் ஆள் முகம் அளவுக்கு வெளிச்சம் திறந்ததும் உள்ளே தெரிந்தது. காலி நாற்காலி, துண்டு, சுற்றுகிற ஃபேன். அவ்வளவுதான். பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். வேப்பம்பட்டுக்காரிதான் முதலில் உடைந்தாள். "ஐயா பூட்டாரே" என்று வாய்விட்டு அழுதாள். அப்புறம் எல்லோரும். அவர் பிணத்துக்கு முன்னால் அழாதவர்கள் அன்றைக்கு அந்த நாற்காலியைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதோம். பயந்து நடுங்கிய ஆளுக்காக ஏன் அப்படி அழுதோம் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அவளும் பிளேடைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

முதலில் எழுந்தது அவள்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது பிரஸ்ஸைப் பற்றி மேஸ்திரி உள்ளே வந்து சொன்னதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"மூணாவது பிரஸ் இனி ஓட வேணாம். ஆள் வந்து சரி பண்ற வரைக்கும் நிக்கட்டும். லோடு லேட்டானா கம்பெனில நான் திட்டு வாங்கிக்கறேன். போங்க, போய் வேலையைப் பாருங்க."

அதில் பரவாயில்லை என்ற வார்த்தை இல்லை. மேஸ்திரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க, மேடம்" என்றார்.

அதற்கப்புறமும் நல்லதும் கெட்டதுமாகத்தான் போகிறது. ஒரு லோடில் பாதி திரும்பியது. மேஸ்திரி தட்டை எடுத்துக்கொண்டு இப்போது அவள் மேஜைக்குப் போகிறார். அவள் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்கிறாள், பிறகு ஏதோ ஒன்றைச் சொல்கிறாள். ஷெட் ஓடுகிறது. அளந்த ஆள் திரும்ப வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். நானும் மேஸ்திரியும் ஷேர் ஆட்டோவுக்காக ஒரு கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம். அவரோடு தனியாக நின்றதே இல்லை நான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு உள்ள நீதானே, யக்கா?"

நான் என் காலைப் பார்த்தேன்.

"நான் தலைய குனிஞ்சுகினுதான் நிப்பேன். அப்ப எனக்கு இன்னா தெரியும்? காலுதான் தெரியும். வெடிச்ச குதிங்காலு, பொடவ கரை. முதலாளி எப்ப பொடவ கட்டினாரு?" அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"தெரிஞ்சுகினே ஏன் கேட்ட?"

அவர் சிரிப்பு நின்றது. "யாராச்சும் வாணாம்னு சொல்லணும் இல்ல?"

"அவரு இருந்தப்ப அவரு சொன்னாரு."

"அவரு எங்க சொன்னாரு? நான் போறப்பல்லாம் பாதி நாளு நாற்காலிதான் கீது. கொஞ்ச நேரம் நின்னுட்டு வெளில வந்து நானேதான் சொல்லுவேன், வாணாம்னாருன்னு. தப்பாப் பூட்டா அவரு தலை. அந்த தைரியம். அவரு பூட்டப்புறம் உள்ள போயி நின்னா ஒண்ணும் வரல, யக்கா. அதே நாற்காலி, அதே நான். வாயே வரல. தப்பாப் பூட்டா யாரு தலைன்னு தெரியல. பாப்பா தலைல போட மனசு வரல, சின்னப் பொண்ணு. அன்னிக்கு உன் கால பார்த்தேன். சரின்னு உன் தலைல போட்டுட்டேன்."

மழை கூரையில் கொட்டியது. "அந்த வளையம் எங்க போவுது, மேஸ்திரி?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"லாரில. பிரேக் பக்கத்துல எங்கியோ மாட்டுவாங்க." ஷேர் ஆட்டோ வந்தது. அவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டார். இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. அடுத்ததில் வருகிறேன் என்று கை காட்டிவிட்டேன்.

இப்போது எஸ்டேட் சாலையைக் கடப்பது எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது. தூரத்தில் லாரி தெரிந்தால் நின்றுவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் "போ ஆயா, அவன் நிறுத்துவான்" என்கிறார்கள். சிக்னலில் பிரேக் கத்துகிறது. லாரி முன்னால் சாய்ந்து, கொஞ்சம் நழுவி, நிற்கிறது. டிரைவர் மேலேயிருந்து போ போ என்று கையை ஆட்டுகிறான். அது நின்றுதான் இருக்கிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காலை எடுத்து வைக்கிறேன்.